ஒரு பக்கம் மட்டும் மஞ்சள்

அவளை எல்லோரும் நில்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகக் கோப்பில் இருந்தது. அது அங்கேயே இருந்துகொண்டது. கடலோரச் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் பதினான்கு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. அதில் பயணிகளைப் பத்திரமாக நடத்திக் கூட்டிப்போவது அவள் வேலை. பாதையில் கால் வைப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள்:

"கடலைப் பாக்கணும்னா நில்லுங்க. நடக்கணும்னா கடலைப் பாக்காதீங்க. ரெண்டையும் சேத்துப் பண்ணா மூணாவதா ஒண்ணு நடக்கும்."

அந்த மூன்றாவது என்னவென்று இதுவரை யாரும் கேட்டதில்லை. விளிம்புக்குக் கீழே எண்பது மீட்டர் ஆழத்தில் கடல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேர நடையில் குறைந்தது நாற்பது முறை "நில்லுங்க" என்பாள். பட்டப்பெயர் அப்படி ஒட்டியது.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மணிக்கட்டில் இதயத்துடிப்பைச் சொல்லும் கடிகாரம், இரண்டு கைகளிலும் மடக்குக் கம்பு, முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை. விடுமுறையில்கூட உடம்பு நோகாவிட்டால் தூக்கம் வராத ரகம். தாங்கள் ஏறிய மலைகளை வேனிலேயே ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டு வருவார்கள். நில்லக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவள் ஆளைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பாள். எந்த ஷூ கடையிலிருந்து நேற்றுதான் வந்தது, எந்த லேஸ் அவசரத்தில் கட்டியது, எந்தக் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது என்பதெல்லாம் ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு ஷூ கடையில், குட்டி முக்காலியில் உட்கார்ந்து, ஊரார் பாதங்களை அளந்தவள் அவள்.

நடைப்பயண நிறுவனத்தின் முதலாளி ஒரு நாள் அந்தக் கடைக்குச் சண்டை போட வந்தார். கடையில் வாங்கிய ஷூவைப் போட்டு நடந்தவர்களுக்கெல்லாம் கால் பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது என்று கத்தினார். கடைக்காரர் உள்ளறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். முக்காலியில் இருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"ஷூ மேல தப்பில்ல சார். இறக்கத்துல பாதம் முன்னால சறுக்கி விரல் இடிக்குது. இறங்கறதுக்கு முன்னாடி நிக்க வெச்சு, கணுக்கால்கிட்ட லேஸை இறுக்கிக் கட்டச் சொல்லுங்க."

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வந்து, "யாருக்கும் நகம் கறுக்கலம்மா. எங்ககிட்ட வேலைக்கு வந்துடு" என்றார். அப்போது அவளுக்கு வயது முப்பத்து நாலு. அந்த நிறுவனத்தின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர்தான் என்பது முதலாளிக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும் என்றிருப்பார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஒரே மாதிரி ஓடியது. காலை ஒன்பது மணிக்கு, பாதை தொடங்கும் பார்க்கிங்கில் வீட்டுக்காரர் எல்லோரையும் இறக்கிவிடுவார். அவள் தலைகளை எண்ணுவாள். தன்னை மட்டும் எண்ண மாட்டாள். அது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். கைடு தன்னையும் சேர்த்து எண்ணினால் ஒரு ஆள் தொலைந்த அன்றைக்கும் எண்ணிக்கை சரியாக வந்து தொலைக்கும். முதல் ஏற்றத்தில் அவள் எல்லோருக்கும் கடைசியாக நடப்பாள். பின்னாலிருந்து பார்த்தால்தான் யார் கால் எப்படி விழுகிறது என்று தெரியும். மூன்றாவது திருப்பம் தாண்டியதும் முன்னால் போய்விடுவாள்.

பாதி வழியில் சாலை ஒரு மரக்கதவு வரை வந்து பாதையைத் தொடும். வீட்டுக்காரர் பார்க்கிங்கிலிருந்து ஊருக்குப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, மலையைச் சுற்றி எங்கும் நிற்காமல் ஓட்டி, பன்னிரண்டு மணிக்கு அங்கே வர வேண்டும். அவர் பன்னிரண்டு பத்துக்கு வருவார். மழை என்றாலும் வெயில் என்றாலும் பன்னிரண்டு பத்து. அந்தப் பத்து நிமிடமும் பசித்த மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அவள்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், நேரத்துக்கு வந்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"வழியில ஆடு குறுக்க வந்துடுச்சு."

பத்தொன்பது வருடமும் அதே ஆடுதான். அதற்கு இந்நேரம் கொள்ளுப் பேரன்களே பிறந்திருக்கும் என்று அவள் திட்டுவாள். அவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

சாயங்காலம் வீட்டில், சலவைக் கடைக்கு மேலிருந்த அந்த இரண்டு அறை வீட்டில், ஷூக்களைக் கழற்றிக் கதவோரம் செய்தித்தாளின் மேல் வைத்ததும் அவர் கேட்பார்: "நாளைக்கு எத்தனை பேர்?" அவள் "பதினொண்ணு" என்பாள், "எட்டு" என்பாள். அவர் தலையாட்டுவார். சாப்பாட்டுப் பெட்டிக்காகக் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது வருடம், பாதையோரத்து மரக் கம்பங்களுக்கு மஞ்சள் குறி அடிக்கச் சொன்னார்கள். நூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள். பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக மூன்று நாள் நடந்து அவளே அடித்தாள். ஒவ்வொரு கம்பத்திலும் தன்னைப் பார்த்த முகத்தில் ஒரு பட்டை. மேலாளர் போனில், "ரெண்டு பக்கமும் அடிச்சுட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கத்துலேருந்து யார் வரப்போறா?" என்றாள் அவள். பெயின்ட் பாதி மிச்சமானதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வீட்டுக் குளியலறைக் கதவு இன்றும் மஞ்சள்.

இந்த வருடம் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. வீட்டுக்காரருக்குத் தூரத்தில் இருப்பவை புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பித்தன. ஆள் அசைவது தெரியும், யார் என்று தெரியாது. கண் மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்தார். ஓட்டுநர் உரிமம் அலமாரிக்குள் போயிற்று. அடுத்து, பாதை முடியும் இடத்தில் புதிதாக ஒரு பெரிய ஹோட்டல் திறந்தார்கள். பயணிகள் இனி அங்கேதான் தங்குவார்கள்; ஹோட்டல் வாசலிலிருந்தே நடக்கத் தொடங்கி பழைய பார்க்கிங்கில் முடிப்பது அவர்களுக்கு வசதி என்று அலுவலகம் முடிவு செய்தது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் மேலாளர் அம்புக்குறியை அழித்துத் திருப்பிப் போட்டார். அவருக்கு அது அவ்வளவுதான் வேலை.

"அப்புறம் அக்கா, உங்க கைடு லைசென்ஸ் இந்த மாசம் புதுப்பிக்கணும். தேர்வாளர் வியாழக்கிழமை வர்றார். புது வழியிலேயே கூட நடந்து பாத்துடறேங்கிறார். தேறலன்னா கூட்டத்த நடத்திக்கிட்டுப் போக விடமாட்டாங்க, தெரியுமில்ல? ஒரு தடவை எதிர்ப்பக்கமா நடந்து பாத்துக்கறீங்களா? ரெண்டு நாள் லீவு போட்டுக்கங்க."

"நான் என்ன புதுசா வந்தவளா?" என்றாள் நில்லக்கா.

வீட்டிலும் அதே பேச்சு வந்தது. வீட்டுக்காரர் தட்டைத் துடைத்து அடுக்கியபடி, "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றார். "வண்டி ஓட்டினவன் சொல்றேன். போறப்ப பாக்கற ரோடு வேற, வர்றப்ப பாக்கற ரோடு வேற."

"பத்தொன்பது வருஷமா சமைக்கிற அடுப்பை, பின்பக்கமா போய்ப் பாத்துட்டு வந்து சமைக்கணுமா? ஊர் சிரிக்கும்."

அவர் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தார். அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற பயம் அவளுக்கு அப்போதே இருந்தது. ஆனால் கணவர் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, தானும் பாதி தெரிந்தவள் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் இனி அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை காலை ஹோட்டல் வாசலில் எட்டுப் பயணிகளும் தேர்வாளரும் நின்றார்கள். தேர்வாளர் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் சின்ன நோட்டு, அதில் நூல் கட்டிய பென்சில். அவருடைய ஷூ பழசு, லேஸ் சரியாகக் கட்டியிருந்தது. இந்த ஆளை ஏமாற்ற முடியாது என்று நில்லக்காவுக்கு அப்போதே புரிந்தது. ஒன்பது தலை எண்ணினாள். நடை தொடங்கியது.

அரைமணி நேரம் ஆயிற்று. எதுவுமே தெரிந்த மாதிரி இல்லை. கடல் எப்போதும் இடது கைப்பக்கம் இருந்தது. இப்போது வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு முறைத்தது. ஆமை முதுகு மாதிரி தெரியும் பாறை இந்தப் பக்கத்திலிருந்து வெறும் பாறையாக இருந்தது. கம்பங்கள் எல்லாம் மொட்டைக் கம்பங்கள். மஞ்சள் அத்தனையும் மறுபக்கம்! தான் மிச்சம் பிடித்த பெயின்டை நினைத்து அவள் தன்னையே வாய்க்குள் திட்டிக்கொண்டாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பத்தைத் தாண்டியதும் பயணிகளைக் கவனிப்பது போலத் திரும்பிப் பார்ப்பாள். மஞ்சள் பட்டை தெரிந்தால் பாதை சரி. திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி எல்லாம் தெரிந்த இடமாக இருக்கும், முன்னால் பார்த்தால் மறுபடியும் யாரோ வீட்டு வாசல்.

தேர்வாளர் நோட்டில் எழுதினார். தனக்கு முன்னால் நடந்த பயணியிடம், "அடிக்கடி திரும்பிப் பாக்கறாங்க, நல்ல பழக்கம்" என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது.

மரக்கதவில் சாப்பாட்டுப் பெட்டி சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்தது. புது ஓட்டுநர் கெட்டிக்காரர். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து மறுபடி நடக்கத் தொடங்கியபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கால் மணி நேரத்தில் முன்னால் நடப்பவரின் முதுகுப்பை மட்டும்தான் தெரிந்தது. கம்பத்தைத் தாண்டித் திரும்பினால் கம்பமே இல்லை.

"எல்லாரும் முன்னால இருக்கறவங்க பையைத் தொடற தூரத்துல வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெதுவாக நடத்தினாள். பாதை அகலமாக, கல் பாவியது போலச் சமமாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. இருநூறு அடி போயிருப்பார்கள்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் பின்னால் ஒரு பெண் பயணி. "பெருவிரல் இடிக்குது."

நில்லக்கா எல்லோரையும் நிறுத்தி, குனிந்து அந்தப் பெண்ணின் ஷூவைப் பார்த்தாள். சரியான அளவு. லேஸும் சரி, காலையில் அவளே கட்டிவிட்டது. ஷூவில் தப்பில்லை, லேஸில் தப்பில்லை, விரல் இடிக்கிறது. அப்படியானால் இறங்கிக்கொண்டிருக்கிறோம். பனியில் கண்ணுக்குச் சரிவு தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் இறங்கக் கூடாது. பழைய வழியில் வரும்போது இங்கேதான் ஒரு நீண்ட இறக்கம் வரும். லேஸை இறுக்கச் சொல்வாள். இறங்கி முடித்ததும் ஒரு தட்டையான திட்டில் எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். எதிர்ப்பக்கமாக வந்தால் அந்தத் திட்டுக்குப் பிறகு ஏற வேண்டும். திட்டு எங்கே போயிற்று? அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தத் திட்டு திட்டே இல்லை. கடல் பக்கம் போகிற பழைய கல்குவாரிச் சாலையின் வாய் அது. அந்தக் காலத்தில் பாறையை வெட்டி அந்தச் சாலை வழியாக விளிம்புக்குக் கொண்டுபோய், கயிற்றில் கட்டிப் படகில் இறக்குவார்கள். சாலை விளிம்பில் போய் அப்படியே அறுந்து நிற்கும். பத்தொன்பது வருடம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்தவளுக்கு, அங்கே பாதை பிரிகிறது என்றே தோன்றியதில்லை. அவள் வந்த திசையிலிருந்து பார்த்தால் அங்கே எதுவும் பிரியவில்லை.

நல்ல பனி, யாருக்கும் தெரியாது. "இங்க ஒரு காட்சி காட்டலாம்னு கூட்டி வந்தேன், பனியில தெரியல, திரும்பலாம்" என்று சொன்னால் எட்டுப் பேரும் நம்புவார்கள். தேர்வாளர்கூட நம்பலாம். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் பின்னால் நின்ற ஒன்பது ஜோடி ஷூக்களைப் பார்த்தாள்.

"நில்லுங்க" என்றாள். "யாரும் ஒரு அடிகூட வைக்காதீங்க. நான் வழி தப்பிட்டேன். இது தப்பான பாதை, முன்னால போனா விளிம்பு. எனக்கு இந்தப் பாதை அந்தப் பக்கத்துலேருந்துதான் தெரியும், இந்தப் பக்கத்துலேருந்து தெரியாது. நடந்து பாத்திருக்கணும், பாக்கல. இப்ப அப்படியே நின்ன இடத்துல திரும்புங்க. கடைசியா நிக்கறவங்க முதல்ல."

பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் எத்தனை அடி மீதம் இருந்தது என்று அன்றைக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

திட்டுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்த கம்பத்தின் மறுபக்கத்தைக் கையால் தடவி, மஞ்சளைக் கண்ணால் பார்த்து, ஏற்றத்தில் கால் வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பத்தையும் சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள், வெளிப்படையாக. ஒரு மணி நேரம் தாமதம். முனகுகிறவர்கள் முனகினார்கள்.

மூன்றாவது திருப்பத்துக்கு வரும்போது பனி கலைந்துவிட்டது. திருப்பத்தில் நின்றபோது கீழே பார்க்கிங் முழுசாகத் தெரிந்தது. டிக்கெட் கூண்டு, குப்பைத் தொட்டி, வேன் வழக்கமாக நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை, எல்லாம் துல்லியமாக. பத்தொன்பது வருடத்தில் இந்தக் காட்சியை அவள் ஒரு முறையும் பார்த்ததில்லை. இந்த ஏற்றத்தில் அவள் பார்த்ததெல்லாம் ஷூக்கள்தான்.

கீழே இறங்கியதும் தேர்வாளர் நோட்டை மூடினார். "இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாதும்மா. தனியா இந்தத் திசையில மூணு தடவை நடந்துட்டு வாங்க, கம்பத்துக்கெல்லாம் இந்தப் பக்கமும் பெயின்ட் அடிங்க. அப்புறம் நான் மறுபடி வர்றேன்." சற்று நிறுத்தி, "அந்த இடத்துல நீங்க வேற ஏதாவது சொல்லியிருந்தா மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அவள் தலையாட்டினாள். வேலை போகவில்லை என்ற நிம்மதியும் தேறவில்லை என்ற அவமானமும் சேர்ந்தே வந்தன.

டிக்கெட் கூண்டிலிருந்த ஆள் வெளியே வந்தார். பல வருடமாக அங்கேயே இருப்பவர்.

"லேட்டாயிடுச்சேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அக்கா. மேல வந்ததும் எண்ணிட்டேன். பத்து. அப்புறந்தான் நிம்மதி."

"ஒன்பதுங்க" என்றாள் அவள், பழக்க தோஷத்தில்.

"உங்களையும் சேத்து. அண்ணன்கிட்ட கத்துக்கிட்டதுதான். தினம் உங்கள எல்லாம் இறக்கி விட்டுட்டு வண்டிய எடுக்கவே மாட்டாரே. அதோ அந்தக் கறை இருக்கற இடத்துல நின்னு, கடைசி ஆள் மூணாவது திருப்பம் தாண்டற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பார். பத்து நிமிஷம் ஆகும். பதினோரு பேர் வந்தா பன்னெண்டும்பார், எட்டுப் பேர் வந்தா ஒன்பதும்பார். ஒண்ணு அதிகமா வருதேண்ணேன்னு ஒரு நாள் கேட்டேன். கைடு அவள எண்ணிக்க மாட்டா, அதான் நான் எண்ணறேன்னார்." அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

"ம்ம்" என்றாள் நில்லக்கா. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பயணிகளை வேனில் ஏற்றினாள்.

வீட்டில் ஷூக்களைக் கழற்றிச் செய்தித்தாளின் மேல் வைத்தாள். தேர்வில் தேறாததைச் சொன்னாள், வழி தப்பியதைச் சொன்னாள், கல்குவாரிச் சாலையைச் சொன்னாள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. சூடாக ஒரு தம்ளர் தேநீரை அவள் கையில் கொடுத்தார். பிறகு, வேலை இல்லாமல் போன நாளிலிருந்து கேட்காமல் விட்டிருந்ததைக் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை பேர்?"

நாளைக்கு அவள் தனியாக நடக்க வேண்டும். வழக்கப்படி என்றால் யாருமில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒருத்தி" என்றாள்.

தட்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஹோட்டல் பக்கத்துலேருந்து வர்றேன்" என்றாள். "மூணு மணிக்கு மூணாவது திருப்பத்துல இருப்பேன். பஸ் புடிச்சு பார்க்கிங்குக்கு வந்துடுங்க. வழியில ஆடு கீடு குறுக்க வராம பாத்துக்கங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டப் போட்டுக்க."

"அவ்வளவு தூரம் உங்க கண்ணுக்குத் தெரியுமா?"

"கூட்டமா வந்தாதான் குழம்பும்" என்றார் அவர். "ஒண்ணுதானே, எண்ணிடலாம்."